எடுக்காமல் விட்ட ஆமைகள்

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, கொல்கத்தாவில் பதினேழு வருஷம் பாம்பும் ஆமையும் உடும்பும் பிடித்த ஒருவன் எழுதுகிறேன். பாம்பை எப்படிப் பிடிப்பது என்று எழுதச் சொன்னார்கள். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையுறை கொடுத்து, சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறார்கள். எனக்கு ஒரு சாக்கும் ஒரு கம்பும் கொடுத்தார்கள். பிடிப்பதில் நான் செய்த தப்புகள் நாலைந்து தையலோடு ஆறிவிட்டன. பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்தது மட்டும் ஆறவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

அப்பா கரக்பூர் ரயில்வேயில் கேங்மேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரியில் கிளீனர், கடலோரத்தில் இறால் பண்ணைக் காவல், காளிகாட்டில் ஒரு தமிழ் மெஸ்ஸில் நாலு வருஷம் சமையல், சால்ட் லேக்கில் கம்பெனி கேன்டீன். ஓர் இடத்தில் உட்கார என் காலுக்குத் தெரியாது. நடுவில் சில மாதங்கள் சியால்தா ஸ்டேஷனில் படுத்திருந்தேன். மழை நாளில் கொஞ்சம் கஷ்டம், மற்ற நாளில் நல்ல தூக்கம். கடைசியில் காட்டு உயிர்களை மீட்கும் ஒரு சின்ன அமைப்பில் வண்டி ஓட்டச் சேர்ந்தேன். ஒரு நாள் பாம்பு பிடிப்பவருக்குக் காய்ச்சல் வந்தது, நான் இறங்கினேன். அதற்குப் பிறகு அவர்கள் வண்டிக்கு வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

கொல்கத்தாவை மேற்கே ஆறு தடுக்கிறது. அதனால் ஊர் கிழக்கேயும் தெற்கேயும் வழிந்துகொண்டே போகிறது. அந்தப் பக்கமெல்லாம் குளம். அந்தக் காலத்தில் வீட்டுக்கு மேடு போட மண் எடுத்தார்கள், எடுத்த பள்ளம் குளமாயிற்று. ஒவ்வொரு தெருக்கூட்டத்துக்கும், அவர்கள் சொல்லும் ‘பாடா’வுக்கும், ஒரு குளமாவது இருக்கும். குளத்தில் பாலாமை, கரையில் உடும்பு, புதரில் கானாங்கோழி. குளத்தை மூடிவிட்டு அடுக்குமாடி வரும். ஆறு மாதம் கழித்து அந்த மாடியில் குடிவந்தவர் குளியலறையில் உடும்பு நிற்கிறது என்று எங்களுக்கு போன் செய்வார். நாங்கள் ஓடிப்போய்ப் பிடிப்போம், அவர் டீ கொடுப்பார், எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் போன் அடிக்கிற இடத்தில் ஏற்கெனவே ஒரு குளம் செத்துப் போயிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறேழு வருஷம் பிடித்தது.

முதலில் என் தப்பு.

கரியா பக்கம் ஒரு குளம். கட்டடம் கட்டும் கம்பெனியிலிருந்து ஒரு மேனேஜர் மரியாதையாகக் கூப்பிட்டார். குளத்தைத் தூர்வாரப் போகிறார்களாம், ஒரு உயிரும் சாகக் கூடாதாம், நாங்கள் வந்து எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துவிட வேண்டுமாம். எங்களுக்கு ஒரே பெருமை. அதுவரை யாரும் முன்கூட்டிக் கூப்பிட்டதில்லை. மூன்று நாள் இடுப்பளவு சேற்றில் நின்றோம். இருபத்திரண்டு ஆமை, மூன்று உடும்பு, சாக்கு நிறையத் தண்ணீர்ப்பாம்பு. வனத்துறையைக் கேட்டுக்கொண்டு கிழக்கே பெரிய மீன்பண்ணை ஏரிகளில் கொண்டுபோய் விட்டோம். மேனேஜர் ரசகுல்லா வாங்கிக் கொடுத்தார், கூடவே ஒரு காகிதமும் நீட்டினார். ‘இந்தக் குளத்தில் இருந்த உயிர்கள் எல்லாம் பத்திரமாக அகற்றப்பட்டன, இனி எதுவும் இல்லை.’ உண்மைதானே என்று கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தமிழில்தான் கையெழுத்து வரும்.

ஒன்றரை மாதம் கழித்து ஆட்டோவில் அந்த வழியாகப் போனேன். குளம் இருந்த இடத்தில் உடைந்த செங்கலும் சிமென்ட் கட்டியும் தரைமட்டத்துக்கு நிரம்பியிருந்தன. மேலே சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள்.

குளத்தை மூடக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. எனக்கு அது தெரியும். அதனால் கோபத்தோடு நிலப் பதிவு ஆபீசுக்குப் போனேன். ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்த ஒரு குமாஸ்தா, பெயரை நான் கேட்கவில்லை, அந்தக் குளத்தின் காகிதக் கட்டை அவிழ்த்து என் முன்னால் போட்டார். எனக்கு பெங்காலி பேச வரும், படிக்க வராது. ஆனால் அந்தக் கட்டில் ஒரு காகிதத்தை என்னால் படிக்க முடிந்தது. அடியில் என் பெயர் தமிழில் இருந்தது.

குமாஸ்தா வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு பேசினார். அவர் பெங்காலியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்; ‘தாதா’ என்றால் அங்கே அண்ணன்.

“இந்தக் கட்டுல மத்ததெல்லாம் பொய், தாதா. மாட்டுக் கொட்டகை இருந்துச்சுன்னு ஒரு போட்டோ, இருபது வருஷமா தண்ணியே இல்லைன்னு ஒரு சாட்சி. இதையெல்லாம் நான் தூக்கி எறிஞ்சிருப்பேன். உங்க காகிதம் ஒண்ணுதான் நிஜம். அதை வெச்சுத்தான் குளத்தை முடிச்சாங்க.”

என் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

“விசாரணைக்குப் போற ஆபீசர் ரெண்டே கேள்விதான் பார்ப்பார். தண்ணி இருக்கா? உயிர் இருக்கா? ரெண்டும் இருந்தா பதிவேட்டுல ‘குளம்’னு இருக்கறதை அடிக்க அவருக்குக் கை வராது. உயிரை நீங்களே எடுத்துட்டுப் போயிட்டீங்க. அப்புறம் தண்ணியை இறைக்க எவ்வளவு நேரம்?”

நாங்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வேலையை அரைகுறையாகச் செய்திருந்தால், நாலு ஆமை தப்பியிருந்தால், அந்தக் குளம் இன்றைக்கும் இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து, சோனார்பூரைத் தாண்டி ஒரு பாடா. ஹோலியோடு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. ஆபீஸ் எல்லாம் பூட்டியிருக்கும் அந்த மாதிரி நாட்களில்தான் குளத்தை மூடுவார்கள். சனிக்கிழமை மாலை வேறொரு கம்பெனியின் மேனேஜர் போன் செய்தார். அதே மரியாதை, அதே தூர்வாரல், அதே பத்திரம். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நானும் ரம்யாவும் போய் நின்றோம். ரம்யா கொல்கத்தாவிலேயே லேக் கார்டன்ஸ் பகுதியில் வளர்ந்த பெண். விலங்கியல் படித்தவள், எங்கள் அமைப்பில் சேர்ந்து ஒரு வருஷம்தான். வீட்டில் தமிழ், மற்ற நேரமெல்லாம் பெங்காலி. கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

இரண்டு டீசல் பம்புகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. படித்துறையில் நாலு படி ஈரமாக, புதிதாக வெளியே வந்திருந்தது. நடுவில் அங்கங்கே ஆமை மூக்கு வந்து வந்து உள்ளே போயிற்று. பாலாமைக்குப் பன்றிக்குட்டி மாதிரி சின்ன மூக்கு. அதை மட்டும் வெளியே நீட்டி மூச்சு வாங்கும்.

மேனேஜர் என் கையில் காகிதத்தைக் கொடுத்தார். “முதல்ல எடுங்க, சாயங்காலம் கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“பம்பை நிறுத்துங்க. நாளைக்கு ஆபீஸ் திறக்கட்டும், அப்புறம் பேசலாம்” என்றேன்.

அவர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னைப் படம் பிடிக்கத் தொடங்கினார். “தாதா, ஆமை செத்தா கேஸ் ஆகும்னு எனக்கும் தெரியும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். இப்ப செத்தா, நான் கூப்பிட்டேன், நீங்க வந்து வேடிக்கை பார்த்தீங்க. எல்லாம் இதுல இருக்கு.”

ரம்யா சாக்கை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“எடுக்கக் கூடாதும்மா.”

“என்ன அங்கிள் சொல்றீங்க? அதுங்க செத்துப்போயிடும்!”

“எடுத்தா குளம் போயிடும்.”

“குளம் போறது அப்புறம். இது இப்ப! நாம எதுக்கு வந்தோம்? போட்டோ எடுக்கவா?”

கரியாவை அவளுக்குச் சொன்னேன், இரண்டே வாக்கியத்தில். அவள் கேட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. கண்ணில் நீர் நிற்க, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் சொன்னது சரி என்று எனக்கே நிச்சயம் இல்லை. கண் முன்னால் இருக்கிற உயிரை விடு என்று ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்வது சுலபமான காரியமா? அவள் இன்னும் ஒரு முறை கேட்டிருந்தால் நானே இறங்கியிருப்பேன்.

ஆனால் அவள் படித்தவள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஒரு நாள் தாங்கும்” என்றாள். “தண்ணி குறைஞ்சா சேத்துக்குள்ள புதைஞ்சுக்கும். ஈரம் இருந்தாப் போதும், ஒரு நாள் ரெண்டு நாள் தாங்கும் அங்கிள். பயம் ஆளுங்கதான். தண்ணி முழங்காலுக்கு வந்தா மீன் பிடிக்க இறங்குவாங்க, ஆமையும் கைல மாட்டும், கறிக்குப் போயிடும். அதுக்கு மேல அந்த ஜேசிபி.” கரையில் ஒரு ஜேசிபி துணி போர்த்தி நின்றதை அப்போதுதான் நானும் பார்த்தேன். “நாளைக்கு மத்தியானம்வரைக்கும் தண்ணி இருந்தா ஒண்ணும் ஆகாது. ஆனா பம்பை யார் நிறுத்துவா?”

போலீசுக்கு போன் செய்தோம். விடுமுறை, ஆள் குறைவு, பார்க்கலாம் என்றார்கள். வனத்துறையில் ஒருவர் எடுத்தார். திங்கட்கிழமை காலையில் கட்டாயம் வருகிறேன் என்றார், நல்ல மனுஷர். மேலிடத்துக்கு எழுதி எழுதி ரம்யாவின் போனில் சார்ஜ் இறங்கியது. பம்பு நிற்கவில்லை.

வரும்போது தெருமுனையில் ஒரு வீட்டைப் பார்த்திருந்தேன். வாசலில் துணி வளைவு, அதில் பட்டாம்பூச்சி, சீரியல் விளக்கு. கல்யாண வீடு. பெங்காலிக் கல்யாணத்தன்று காலையில் சுமங்கலிப் பெண்கள் குடத்தோடு குளத்துக்குப் போய், கங்கையைக் கூப்பிட்டுத் தண்ணீர் எடுத்துவர வேண்டும். அந்தத் தண்ணீர் வந்தால்தான் மேற்கொண்டு சடங்கு. காளிகாட் மெஸ்ஸில் இருந்த நாலு வருஷத்தில் எத்தனையோ கல்யாணத்துக்குச் சமைக்கப் போயிருக்கிறேன், அதனால் தெரியும். ரம்யாவைக் கரையில் நிற்க வைத்துவிட்டு அந்த வீட்டுக்கு நடந்தேன்.

உள்ளே பெண்கள் குடத்துக்குச் சிந்தூரம் வைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணின் அத்தை, எல்லோரும் பிஷிமா என்று கூப்பிட்டார்கள், சிவப்புக் கரை வெள்ளைப் புடவையைச் சொருகிக்கொண்டு கட்டளை போட்டபடி இருந்தார். முழங்கால்வரை சேற்றோடு நின்ற என்னைப் பார்த்தார்.

“இப்பத்தான் வர்றியா? மீனைப் பின்வாசல்ல வை.”

“மீன்காரன் இல்லை, பிஷிமா.”

“அப்போ மீன் எங்கே?”

“மீன் வரும். உங்க தண்ணிதான் போகுது.”

விஷயத்தைச் சொன்னேன். என் பெங்காலி உடைந்த பெங்காலி. ‘குளம்’, ‘பம்பு’, ‘இன்றைக்கே’ என்ற மூன்று சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது.

பத்து நிமிஷத்தில் பதினைந்து பெண்கள் சங்கோடும் குலவையோடும் படித்துறைக்கு வந்தார்கள். பம்புச் சத்தத்தில் சங்கு கேட்கவே இல்லை. தண்ணீர் ஆறு படி இறங்கியிருந்தது. பாசி வழுக்கியது. முதல் படியிலேயே பெண்ணின் அம்மா நின்றுவிட்டார்.

“நிறுத்து அதை” என்றார் பிஷிமா.

மேனேஜர் கைகூப்பினார். “சுத்தம் பண்றோம் அம்மா. உங்க பாடாவுக்குத்தான் நல்லது.”

“முப்பது வருஷம் அழுக்கா இருந்தது, என் அண்ணன் பொண்ணு கல்யாணத்தன்னைக்குத்தான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

“மினரல் வாட்டர் ஜாடி அனுப்பறேன், எத்தனை வேணும்னாலும்...”

“ஜாடிக்குள்ள கங்கையைக் கூப்பிடணுமா? உன் கல்யாணத்துல அப்படித்தான் பண்ணாங்களா? அதான் உன் முகம் இப்படி இருக்கு.”

பெண்கள் சிரித்தார்கள். பம்புக்காரனும் சிரித்தான். பிறகு மேனேஜரைக் கேட்காமலே இரண்டு பம்பையும் நிறுத்தினான். “கல்யாணத் தண்ணியை இறைச்ச பாவம் எனக்கு வேண்டாம் பாபு” என்றான். திடீரென்று வந்த அமைதியில் எங்கோ ஒரு கானாங்கோழி கத்தியது.

இங்கே ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தால் நீங்கள் என்னைப் போலவே ஏமாறுவீர்கள். பெண்கள் குடத்தை நிரப்பிக்கொண்டு மேலே ஏறினார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். ரம்யா என் காதில், “இவங்க போனதும் மறுபடி ஆரம்பிச்சிடுவான் அங்கிள்” என்றாள். திங்கட்கிழமைவரை ஒரு முழு நாள் இருந்தது.

பிஷிமாவுக்கு ஆமையைப் பற்றிக் கவலை இல்லை. அவருக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டது. அவரிடம் ஆமை, சட்டம், சுற்றுச்சூழல் என்று பேசுவதில் பயனில்லை என்று தெரிந்தது. அதனால் எனக்குத் தெரிந்த விஷயத்தைப் பேசினேன்.

“பிஷிமா, சமையல் எங்கே?”

“மொட்டை மாடில. ஏன்?”

“முந்நூறு பேருக்கு மாடிலயா? அண்டாவை எப்படி ஏத்துவீங்க, எப்படி இறக்குவீங்க? இந்தக் கரைல நல்ல மேடு இருக்கு, பாத்திரம் கழுவத் தண்ணி பக்கத்துல. நான் மெஸ்ல சமைச்சவன், சொல்றேன்.”

அவர் மேட்டைப் பார்த்தார். மேட்டில் இரண்டு பம்பு நின்றது. பிறகு மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முட்டாள் இல்லை அந்த அம்மாள். “கேட்டரிங்காரனைக் கூப்பிடு” என்றார்.

வாழ்க்கையில் பல இடங்களிலிருந்து என்னைக் கிளப்பியிருக்கிறார்கள். பிளாட்பாரத்திலிருந்து, பூங்காவிலிருந்து, வாடகை அறையிலிருந்து. கல்யாண வீட்டு அடுப்பை யாரும் கிளப்பி நான் பார்த்ததில்லை. ஒன்பது மணிக்குள் இரண்டு பம்புக்கும் நடுவில் நாலு அடுப்பு எரிந்தது, பக்கத்தில் லூச்சிக்கு, அவர்கள் ஊர்ப் பூரிக்கு, மாவு பிசைந்தார்கள். பம்பின் மேலேயே ஒருவன் கத்திரிக்காய்க் கூடையை வைத்தான். மேனேஜர் வந்து, டீசல் மோட்டார் ஓட்ட வேண்டும் என்றார். சமையல்காரர் கரண்டியோடு திரும்பி, “ஓட்டுங்க. லூச்சில டீசல் வாசனை வந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிட்ட நீங்கதான் வந்து சொல்லணும்” என்றார். மேனேஜர் போய்விட்டார். ஜேசிபிக்கு வரும் வழியில் பந்தி மேசை போட்டார்கள். நான் நாள் முழுக்க உருளைக்கிழங்கு நறுக்கினேன். ரம்யா ஒரு மேசையில் உட்கார்ந்து நிலப் பதிவு ஆபீசுக்கும் மீன்வளத் துறைக்கும் வனத்துறைக்கும் மனு எழுதினாள். மூன்றிலும் பிஷிமா கையெழுத்துப் போட்டார். பிஷிமா போட்டதால் பாடாவே போட்டது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நிலப் பதிவு ஆபீசிலிருந்து விசாரணை ஆபீசரும், வனத்துறையிலிருந்து போனில் வாக்குக் கொடுத்த அந்த மனுஷரும் வந்தார்கள். மேனேஜரும் வந்தார். ஆபீசர் சின்ன வயசுக்காரர். படித்துறையில் நின்று பாதிக் குளத்தைப் பார்த்தார், எழுதினார்.

“தண்ணி இருக்கு. உயிர்?”

“ஒண்ணும் இல்லை சார்” என்றார் மேனேஜர். “மீட்புக்காரங்க நேத்தே வந்து எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. போட்டோ இருக்கு, நானே எடுத்தேன்.”

ரம்யா முன்னால் வந்தாள். “நாங்க ஒண்ணுகூட எடுக்கலை சார். எல்லாம் உள்ளதான் இருக்கு.”

“காட்டுங்க” என்றார் ஆபீசர்.

தண்ணீர் கலங்கிய டீ மாதிரி அசையாமல் கிடந்தது. நேற்று பம்புக்குப் பயந்து சேற்றில் புதைந்தவை வெளியே வந்தனவா என்று எங்களுக்கே தெரியாது. ஒரே ஒரு ஆமையை வாளியில் வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு நொடியில் பதில் சொல்லியிருக்கலாம். பதினேழு வருஷத்தில் ஒரு வாளிக்காக நான் அப்படி ஏங்கியதில்லை.

“மூச்சு வாங்க வரும் சார். கொஞ்சம் நிக்கணும்” என்றாள் ரம்யா.

“எவ்வளவு நேரம்?”

“அதுக்குத் தெரியும்.”

நல்லவேளை, ஆபீசர் சிரித்துவிட்டார். படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். பெண்ணை அனுப்பிவிட்டு அழுது வீங்கிய கண்ணோடு பிஷிமா வந்தார், பின்னால் பாதிப் பாடா. எல்லோரும் பேசாமல் உட்கார்ந்தோம். மேனேஜர் இரண்டு முறை இருமினார். பிஷிமா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கால் மணி ஆயிற்று. ஆபீசர் பேனாவுக்கு மூடி போட்டார். ரம்யாவின் உதடு வெளுத்திருந்தது.

பாத்திரம் கழுவிய மூலையில் ஒரு குமிழி வந்தது. பிறகு மூக்கு. விரல் நுனி அளவு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் ஊறிக்கிடந்த லூச்சித் துண்டு ஒன்றைத் தள்ளிக்கொண்டு திரும்பின.

“உயிர் இருக்கு” என்றார் பிஷிமா, ஏதோ அவரே பெற்ற மாதிரி. ஆபீசர் பேனாவைத் திறந்தார்.

பதிவேட்டில் அது இன்றும் குளம்தான். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. வழக்கு நடந்தது, ஆகாயத்தாமரையை யாரோ கொண்டுவந்து போட்டார்கள், பாடாவே இறங்கி அள்ளியது. எல்லாக் குளத்துக்கும் பக்கத்தில் கல்யாணம் நடக்காது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் எல்லாக் குளத்துக்கும் பக்கத்தில் அது தேவைப்படுகிற யாராவது இருக்கிறார்கள். துணி துவைப்பவர், மீன் விடுபவர், வெயிலில் கால் நனைப்பவர். சாக்கைத் திறப்பதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உயிரை எடுத்துப் போவதுதான் வேலை என்று உங்களைப் பழக்கியிருப்பார்கள். சில நாள் அது இருக்கிற இடத்திலேயே இருக்க விடுவதுதான் வேலை. எது எந்த நாள் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். தப்பு செய்தும் தெரிந்துகொள்ளலாம். என் தப்பை எடுத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு குளம் மிச்சம்.

அந்தக் கம்பெனி கடைசியில் குளத்துக்கு அந்தப் பக்கம், மேட்டு நிலத்தில் கட்டடம் கட்டியது. போன மாதம் ரம்யா போன் செய்தாள். இப்போது எங்கள் அமைப்பை அவள்தான் நடத்துகிறாள். ஒரே கத்தல்.

“அங்கிள், பெரிய போர்டு வெச்சிருக்கான்! ‘ஆமைகள் வாழும் குளத்தைப் பார்த்த வீடுகள்’னு! நிர்லஜ்ஜ! வெட்கமே இல்லை!”

“வெக்கட்டுமே. அதை நம்பி வாங்கறவன் நாளைக்கு மூட விடுவானா?”

“அது இல்லை அங்கிள். கடல் ஆமை படத்தைப் போட்டிருக்கான்!”

“சரியான படத்தை அனுப்பு” என்றேன்.

அனுப்பினாள். மாற்றிவிட்டார்கள்.